தைமஸ் மீது விழுந்த பழி

மார்பெலும்புக்குப் பின்னே, இரு நுரையீரல்களுக்கும் நடுவே, இருதயமும் பெருந்தமனியும் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் குறுகலான இடத்தில் கட்டியோ வேறு வியாதியோ தோன்றினால், அதைக் கையால் தொட்டறியவும் கத்தி கொண்டு அணுகவும் வகையின்றி வைத்தியர்கள் வெகுகாலம் திகைத்து நின்றார்கள். அவ்விடத்தின் சரித்திரத்தில் எனக்கு எல்லாவற்றிலும் விசித்திரமாகத் தோன்றுவது, கட்டியே இல்லாத ஓர் உறுப்பைக் கொலைகாரனென்று தீர்மானித்து இரண்டு தலைமுறைக் காலம் தண்டித்த கதைதான்.

பச்சிளங்குழந்தையின் மார்புக்கூட்டில், இருதயத்தின் மேற்புறத்தைப் போர்த்தினாற்போலப் படிந்து, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு நிறத்தோடு, இரண்டு மடல்களாக மிருதுவாய்க் கிடப்பது தைமஸ் சுரப்பி. இளமையில் பருத்திருந்து, வயது ஏற ஏறக் கொழுப்பாக மாறித் தேய்ந்துபோகும் இதற்கு என்ன வேலை என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவருக்கும் தெரியாது; வேலை தெரியாத உறுப்பின்மீது பழி சுமத்துவது எளிதாயிற்று.

1614ஆம் ஆண்டில் பாசல் நகரத்து வைத்தியர் ஃபீலிக்ஸ் பிளாட்டர், திடீரென மூச்சடைத்து மாண்ட ஒரு சிசுவின் மார்பில் இச்சுரப்பி பெருத்திருக்கக் கண்டு, அதுவே சாவுக்குக் காரணம் என எழுதிவைத்தார். 1830இல் ஜெர்மானியரான கோப் என்பவர் இதற்குத் தைமஸ் ஆஸ்துமா என்று நாமகரணமும் செய்துவிட்டார். 1858இல் பிராங்க்பர்ட் நகரத்து ஃபிரீட்லேபென், அப்படியொரு வியாதியே கிடையாதென்று ஆராய்ந்து அறிவித்தும், அபிப்பிராயம் அசையவில்லை. 1889இல் வியன்னாவின் பால்டௌஃப், சுரப்பி மூச்சுக்குழலை நெரிப்பதில்லை, தேகத்தின் பிறவி அமைப்பே பழுதுபட்டது, பெருத்த தைமஸ் அதன் அடையாளம் மாத்திரமே என்று பழைய கொள்கைக்குப் புதுச்சட்டை போட்டுவிட, அதன்பின் தொட்டிலில் இறந்த குழந்தைக்கும், குளோரோபார்ம் மயக்கத்திலிருந்து எழாமலே போன நோயாளிக்கும் அந்த ஒரே காரணம் போதுமானதாயிற்று. மயக்க மருந்து கொடுத்தவருக்கு இதைவிடச் சௌகரியமான சமாதானம் வேறென்ன வேண்டும்?

பிழை எங்கே நேர்ந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. பட்டினியாலும் நீடித்த நோயாலும் தைமஸ் சீக்கிரத்தில் சுருங்கிவிடும். ஆனால் உடற்கூற்றுக் கூடங்களுக்கு வந்துசேர்ந்தவையோ பெரும்பாலும் ஏழைகளின் சடலங்கள். பிரிட்டனில் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழை விடுதிகளில் உரிமை கோருவாரின்றி மாண்டவர்களே மாணவர்களின் மேசைக்கு வந்தார்கள். நோயில் கிடந்து நலிந்த அந்தத் தேகங்களில் கண்ட சிறிய சுரப்பியே இயற்கை அளவென்று கொண்டவர்கள், நேற்றுவரை கொழுகொழுவென்று விளையாடித் திடீரென இறந்த குழந்தையின் நல்ல சுரப்பியைப் பார்த்ததும், அதை வீக்கம் என்று எண்ணிவிட்டார்கள். 1926இல் பிரிட்டனில் அமைந்த விசாரணைக் குழு ஏராளமான சடலங்களில் தைமஸை நிறுத்துப் பார்த்து, 1931இல் அப்படியொரு நோய் உண்டென்பதற்கு ஆதாரமில்லை என்று முடிவுகூறியது.

அதற்குள் கிரண சிகிச்சை பரவிவிட்டிருந்தது. 1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் மார்பில் எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். நோய்க்குறி ஏதுமில்லாத சிசுக்களுக்கும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் சில ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்தார்கள். 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் இரு நியூயார்க் வைத்தியர்கள், தைராய்டுப் புற்றுநோய் கண்ட இளவயதினரின் பூர்வகதையை விசாரித்தபோது, அவர்களில் பலருக்குச் சிசுப் பருவத்தில் இந்தச் சிகிச்சை நடந்திருந்தது வெளிப்பட்டது.

இதே சுரப்பி மெய்யாகவே குற்றவாளியாக இருந்த இடம் வேறு. கண்ணிமை தானே சரிந்து, விழுங்கவும் பேசவும் சக்தியற்றுப்போகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோயில் மாண்ட ஒருவரின் மார்பில் தைமஸ் கட்டி இருந்ததை 1901இலேயே வைகெர்ட் குறித்துவைத்திருந்தார். 1934இல், முன்பு ஏழை விடுதியின் வைத்தியசாலையாக இருந்த கிரீனிச் செயின்ட் ஆல்ஃபெஜ் ஆஸ்பத்திரியில், மேரி வாக்கர் என்ற பெண் வைத்தியர், இந்நோய் குராரே விஷத்தின் விளைவை ஒத்திருப்பதைக் கருதி, அவ்விஷத்துக்கு மாற்றாகிய ஃபைசாஸ்டிக்மைனை ஊசியால் செலுத்தினார். சரிந்திருந்த இமை சற்று நேரத்தில் மேலெழுந்தது. மருந்தின் சக்தி தீர்ந்ததும் இமை மறுபடி சரிந்ததென்னவோ உண்மை. எனினும் பெயர்பெற்ற கலாசாலைகளுக்குத் தோன்றாதது அங்கே தோன்றியது.

1936ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் ஆல்ஃப்ரெட் பிளாலாக், இந்நோய் கண்ட இளம்பெண் ஒருத்தியின் மார்பெலும்பை மேலிருந்து பிளந்து தைமஸ் கட்டியை அகற்றினார், அவள் தேறினாள். 1941இல் பால்டிமோரில், கட்டியே இல்லாத நோயாளிகளுக்கும் சுரப்பியை எடுத்துப் பார்க்கத் துணிந்தார். காரணம் தெரியாமல் காரியத்தில் இறங்கும் இந்தத் துணிச்சலை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூச்சுத் தசைகளே ஓய்ந்துபோகும் நோயாளியின் முன்னால் சித்தாந்தத்துக்காகக் காத்திருக்க அவகாசமேது? லண்டனில் இந்த ரணசிகிச்சையைத் தொடர்ந்து நடத்திய ஜெஃப்ரி கெய்ன்ஸ் (பொருளாதார நிபுணர் கெய்ன்ஸின் தம்பி, வில்லியம் பிளேக்கின் நூல்களில் தேர்ந்த அறிஞர்) கட்டி உள்ளவர்களைவிடக் கட்டி இல்லாதவர்களே அதிகம் குணமடைவதைக் கண்டு சொன்னார். மேயோ கிளினிக் வைத்தியர்களோ 1950இல் தங்கள் கணக்கை வைத்துச் சந்தேகம் எழுப்பினார்கள்.

தைமஸின் உண்மையான தொழிலைக் கண்டவர் ஜாக் மில்லர். 1961இல் லண்டனில் அவர், அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட, அவை சில வாரங்களில் மெலிந்து மாண்டன. அந்நிய எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அவற்றின் தேகம் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகுப்பு இங்கேதான் தயாராகிறதென்று அதனால் புலப்பட்டது. சொந்தத் தேகத்தின் தசைகளையே அந்த எதிர்ப்புச் சக்தி தாக்குவதுதான் மயஸ்தீனியா என்பது பின்னர் தெளிவாகியது.

ஆயினும் கட்டி இல்லாதவர்களுக்கு அறுவை அவசியமா என்ற வழக்கு முடியவில்லை. முறையான பரிசோதனைக்குப் பிரிட்டிஷ் நரம்பியல் நிபுணர் ஜான் நியூசம்-டேவிஸ் ஏற்பாடு செய்தார்; 2007இல் ருமேனியாவில் சாலை விபத்தில் அவர் இறந்துபோக, சகாக்கள் தொடர்ந்து நடத்தினார்கள். 126 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியான முடிவின்படி, பிரெட்னிசோன் மருந்தோடு சுரப்பியையும் அகற்றியவர்களுக்கு நோய் தணிந்திருந்தது, மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.