வரிசையை விரட்டிய வில்லை

மாணவர்களே, நூலகத்தில் நாலைந்து புத்தகங்களை இயந்திரத்தின் மேல் அடுக்கி வைக்கிறீர்கள். சில நொடியில் அத்தனையும் உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. இது எப்படி வந்துச்சு, தெரியுமா?

1990களில் சிங்கப்பூர் நூலகங்களில் இரவல் பெற நீண்ட வரிசை நிற்கும். ஒவ்வொரு நூலின் பட்டைக் குறியையும் தனித்தனியாகக் கருவியிடம் காட்ட வேண்டும். 1995இல் அமைந்த தேசிய நூலக வாரியம் இதற்கு வழி தேடியது. 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகம் திறந்தபோது, நூல்களில் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லைகள் இருந்தன. உலகில் இதை முதலில் பயன்படுத்திய பொது நூலகங்களில் அதுவும் ஒன்று.

வில்லைக்குள் ஒரு சில்லும் மெல்லிய அலைவாங்கியும் உண்டு, மின்கலம் கிடையாது. கருவி அனுப்பும் வானொலி அலையே அதற்குச் சக்தி. அதனால்தான் நூலைத் திறக்காமலே பலவற்றைச் சேர்த்துப் பதிய முடிகிறது. 2002க்குள் எல்லாப் பொது நூலகங்களுக்கும் இது பரவியது. வத்திக்கான் நூலகமும் பின்னர் இதை ஏற்றது.

முகப்பில் கழிந்த நூலகரின் நேரம் வாசகருக்கு வழிகாட்டக் கிடைத்தது. தேர்வில், 'தொழில்நுட்பம் வளர்ந்தது' என்று மட்டும் எழுதி முடிச்சிடாதீங்க. எந்தத் தொல்லை அதை வரவழைத்தது, யாருடைய நேரம் மிச்சமானது என்பதையும் எழுதுங்க. அதுதான் வரலாறு.