வட்டம் போட்டா நட்டு வருது - ஒரு மவுஸ் வரலாறு

போன வாரம் அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. என்னோட பழைய லினக்ஸ் பெட்டியில கிம்ப்பைத் திறந்து பூனை மூஞ்சி வரைஞ்சா. வட்டமா வரவேண்டிய மூஞ்சி, போல்ட்டுல மாட்டற நட்டு மாதிரி மூலை மூலையா வந்துச்சு. நாலு தடவை முயற்சி பண்ணிட்டு, "மாமா, எனக்கு டிராயிங்கே வராது"ன்னு எழுந்து போயிட்டா.

மனசு கேக்கல. தப்பு அவ கையில இல்லைன்னு எனக்குத் தெரியும். யார் மேலன்னு தேடப் போனா, கதை அறுபது வருஷம் பின்னாடி போகுது.

1964-ல டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனைக்கு பில் இங்கிலீஷ் செஞ்சு குடுத்த முதல் மவுஸ், ரெண்டு சக்கரம் வச்ச ஒரு மரப்பெட்டி. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவுல அதை ஊரறிய காட்டினாங்க. திரையில எழுத்தைச் சுட்டிக் காட்டத்தான் அது பிறந்ததே. படம் வரைய இல்லை!

மவுஸ் கோடு அனுப்பாது மக்களே, புள்ளிதான் அனுப்பும். சாதாரண யுஎஸ்பி மவுஸ்னா நொடிக்கு சுமார் 125 தடவை "இவ்வளவு நகர்ந்தேன்"னு சொல்லும். அரை நொடியில ஒரு வட்டம் சுழட்டினா அறுபது புள்ளி. அத்தனையும் மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தா வட்டம் வட்டமாவே தெரியும். ஆறேழுதான் சேர்ந்துச்சுன்னா? நடுவுல நேர்க்கோடு போட்டு இணைச்சிடும். அதான் நட்டு!

மீதிப் புள்ளி எங்க போச்சு? 1984-ல எம்ஐடியில எக்ஸ் விண்டோ பிறந்துச்சு. 1987-ல வந்த எக்ஸ்11-ஐத்தான் லினக்ஸ் பல வருஷம் நம்பி இருந்துச்சு. அதுல நிரல் ஒரு கணினியில ஓடும், திரை இன்னொரு கணினியில இருக்கும். நடுவுல நெட்வொர்க். ஒவ்வொரு அசைவையும் அனுப்பினா தாங்குமா? அதனால "அசைஞ்சுது"ன்னு ஒரு குறிப்பு மட்டும் அனுப்பி, இப்ப எங்க இருக்குன்னு நிரலையே கேட்டுக்கச் சொல்ற வசதியும் வச்சாங்க. பட்டன் அமுக்க அது போதும். வரையறவனுக்குத்தான் இழப்பு.

1996-ல பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப்பை வெளியிட்டாங்க. அதுக்காக எழுதின ஜிடிகே கருவித்தொகுப்பு பின்னாடி தனியா வளர்ந்துச்சு. அதோட மூணாம் தலைமுறையில, வரிசையில காத்திருக்கற அசைவுகளைத் தூக்கிப்போட்டு கடைசியை மட்டும் குடுக்கறதே வழக்கமாச்சு. 2014-ல 3.12 பதிப்புலதான் இதை நிறுத்தற வசதி வந்துச்சு. ஓவிய மென்பொருளுக்கு எல்லா அசைவும் தேவைன்னு அதோட ஆவணத்துலயே எழுதியிருக்காங்க. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. திரை திணறக் கூடாதுன்னு நினைச்சாங்க, வரையறவங்க ஞாபகம் லேட்டா வந்துச்சு, அவ்ளோதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல நோயைப் பிரிச்சுப் பாருங்க. கோட்டோட ஓரம் மட்டும் படிக்கட்டு மாதிரி இருந்தா, நீங்க எடுத்தது பென்சில். கிம்ப்புல அதோட குணமே அப்படித்தான். பெயிண்ட்பிரஷுக்கு மாறுங்க.

வளைவே உடைஞ்சு வந்தா, மெதுவா ஒரு வட்டம் போடுங்க. அப்ப சரியா வந்தா, கணினி உங்க கை வேகத்துக்கு ஓட முடியலன்னு அர்த்தம். படத்தோட அளவையும் பிரஷ் அளவையும் குறைங்க.

2012-ல வந்த கிம்ப் 2.8-லேர்ந்து 'ஸ்மூத் ஸ்ட்ரோக்'னு ஒரு தேர்வு இருக்கு. கை நடுக்கத்தை அது ஆத்தும். ஆனா தொலைஞ்ச புள்ளியைக் கண்டுபிடிச்சுத் தராது. கிரிதாவுல ஸ்டெபிலைசர், இங்க்ஸ்கேப் பென்சில்ல ஸ்மூத்திங், ரெண்டும் இதே வேலைக்குத்தான்.

நம்ம வீட்டுல படம் ரொம்பப் பெருசு, அதுதான் வியாதி. சின்னதாக்கி அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். மூஞ்சி வட்டமா வந்துச்சு. "நீ என்ன மாமா பண்ண?"ன்னா. "நீ போட்டதைத் தூக்கிப்போடாதேன்னு கணினிகிட்ட சொன்னேன்"னேன்.

டிஸ்கி: பூனைக்குக் காது மட்டும் எலிக்காது மாதிரி இருக்கு. அதுக்கு எங்கல்பார்ட் பொறுப்பில்லை :-)