ஒரு சன்னலைச் சுற்றி எழுந்த இல்லம்

இறக்கும் நிலையில் இருப்போருக்கென ஓர் இல்லம் கட்டவேண்டுமானால், எதிலிருந்து தொடங்குவோம்? நிலத்திலிருந்தா, பணத்திலிருந்தா, வரைபடத்திலிருந்தா? இலண்டனின் தென்கிழக்கே, சிடன்ஹாமில் உள்ள புனித கிறிஸ்டோபர் இல்லம் ஒரு சன்னலிலிருந்து தொடங்கியது.

1948ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். போலந்தின் வார்சா நகரிலிருந்து வந்த டேவிட் தாஸ்மா என்ற யூதர், புற்றுநோயால் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்துகொண்டிருந்தார். வயது 40. அருகில் உறவினர் எவரும் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவ சமூகப்பணியாளர் அவரை அடிக்கடி சந்தித்தார். நிம்மதியாகக் கண்மூட எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். தாஸ்மா அவருக்கு விட்டுச்சென்றது 500 பவுண்டு. அந்த இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அந்தச் சன்னலைச் சுற்றி வீட்டைக் கட்டி முடிக்க 19 ஆண்டுகள் ஆயின என்று சாண்டர்ஸ் பின்னாளில் சொல்வதுண்டு.

19 ஆண்டுகள் ஏன்? 500 பவுண்டில் கட்டடம் எழாது என்பது ஒருபுறம். எதைக் கட்டுவது என்று அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே பெரிய காரணம். புனித லூக்கா இல்லத்தில் அவர் தன்னார்வச் செவிலியராகப் பணியாற்றியபோது ஒன்றைக் கவனித்தார். மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலியால் துடித்துக் கேட்ட பிறகுதான் மார்ஃபின் தருவார்கள். பழக்கமாகிவிடுமோ என்ற பயம். இங்கோ, வலி திரும்புமுன், மணி பார்த்து, வாய்வழியாகவே கொடுத்தார்கள். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை, பேசினார்கள், சாப்பிட்டார்கள். இதை மற்றவர்கள் ஏற்கவேண்டுமானால் மருத்துவராகத்தான் வேண்டும் என்று ஓர் அறுவை மருத்துவர் அறிவுரை கூற, 33 வயதில் அவர் மருத்துவம் படிக்கச் சென்றார். 1957ல் தேர்ச்சி பெற்றார்.

அடுத்து அவர் சென்றது நம் அருள்சகோதரிகளிடம். மேரி ஐக்கன்ஹெட் நிறுவிய அயர்லாந்து பிறரன்புச் சகோதரிகள் 1879ல் டப்ளினிலும், 1905ல் இலண்டனின் ஹாக்னியிலும் இத்தகைய இல்லங்களைத் தொடங்கியிருந்தனர். ஹாக்னி புனித யோசேப்பு இல்லத்தில் அன்புக்கும் பொறுமைக்கும் குறைவில்லை. ஆனால் மருந்துமுறையும் குறிப்பேடும் போதவில்லை. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சாண்டர்ஸ் 1958 முதல் அவற்றைக் கொண்டுவந்தார். சகோதரிகள் திறந்த மனதோடு ஏற்றனர். வலியைத் தாங்கிக்கொள்வதே புண்ணியம் என்று நம்மில் சிலர் இன்றும் நினைக்கிறோம், அதுவும் அடுத்தவர் வலியைப் பற்றி! உயிர்நாள் குறையக்கூடும் என்றாலும் வலியைத் தணிக்க மருந்து தரலாம் என்று திருத்தந்தை 12ம் பயஸ் 1957ம் ஆண்டு பிப்ரவரி 24ம் தேதியே மயக்கவியல் மருத்துவர்களிடம் தெளிவாகக் கூறியிருந்தார்.

1959ல், 37ம் திருப்பாடலின் 5ம் வசனத்தை ஒருநாள் வாசித்தபோது, தொடங்கவேண்டிய வேளை வந்துவிட்டது என்று உணர்ந்தார் சாண்டர்ஸ். உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினார். எத்தனை படுக்கைகள், எத்தனை செவிலியர், எவ்வளவு செலவு என்று எல்லாம் அதில் இருந்தன. நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். அப்போது எழுந்த கடினமான கேள்வி பணத்தைப் பற்றியதல்ல. இது யாருக்கான இல்லம்? ஒரு சபைக்குரியதா, கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா? நீண்ட கலந்துரையாடலுக்குப்பின், கிறிஸ்தவ அடித்தளத்தில் அமைந்து, எம்மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் கதவு திறந்த இல்லம் என்று முடிவாயிற்று. வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால், அந்தச் சன்னலைக் கொடுத்த தாஸ்மாவுக்கே அங்கு இடம் இருந்திருக்காது.

1967ம் ஆண்டு ஜூலை 24ம் தேதி, 54 படுக்கைகளோடு இல்லம் திறக்கப்பட்டது. வெளிச்சம் வரும் பெரிய சன்னல்கள், கட்டிலோடு தள்ளிச்செல்லக்கூடிய தோட்டம், சிற்றாலயம். பணியாளர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பள்ளியும், முதியோர் தங்க ஒரு பகுதியும் இருந்தன. சாவு வீடு என்று யாரும் ஒதுங்கிப்போகாதபடி, சிறுவர் சத்தம் கேட்கவேண்டும் என்று விரும்பினார்கள். பார்வையாளர்களை நாள் முழுவதும் அனுமதித்தனர். திங்கட்கிழமை மட்டும் அனுமதி இல்லை. இதுவும் அன்பினால்தான்: மாதக்கணக்கில் கண்விழித்த மனைவியும் மகளும், குற்ற உணர்வின்றி ஒருநாள் வீட்டில் தூங்கட்டும் என்று!

கட்டடம் நிறைந்ததும் அது போதாதென்று தெரிந்தது. பலர் தங்கள் சொந்தக் கட்டிலில் இறக்கவே விரும்பினர். 1969ல் செவிலியர்கள் வீடு வீடாகச் செல்லத் தொடங்கினர். இந்தியாவில், 1986ல் மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதன் திறக்கப்பட்டது. நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லம் அது. சாண்டர்ஸ் 2005ம் ஆண்டு ஜூலை 14ம் தேதி, தாம் கட்டிய இல்லத்திலேயே, புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 87.