அல் ஐன் சோலையில் ஒரு நடை

"வளைகுடாவுக்கு ஏதுப்பா வரலாறு? எல்லாம் எண்ணெய் வந்த பிறகு கட்டினதுதான்." இங்கே வளர்ந்த நாம் எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். அடுத்த முறை யாராவது சொன்னால், அவரை அல் ஐன் நகரின் நடுவே இருக்கும் பேரீச்சைச் சோலைக்குக் கூட்டிப் போங்கள். 1,47,000 மரங்கள் என்கிறது அரசுக் கணக்கு. இரண்டு பக்கமும் சுவர், மேலே ஓலை நிழல், நடுவே வளைந்து போகும் பாதை. போனைப் பையில் வைத்துவிட்டு நடந்தால், ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

அந்த வாய்க்காலின் பெயர் ஃபலஜ். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, தோட்டம் வரை தண்ணீரைக் கொண்டுவருவார்கள். பம்பும் கிடையாது, கரண்டும் கிடையாது, வெறும் சரிவுதான். சரிவு கூடினால் சுரங்கம் அரிக்கும், குறைந்தால் மண் படியும். பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரண வேலை இல்லை. அல் ஐனின் ஹீலியில் கிடைத்த ஃபலஜுக்கு வயது சுமார் 3,000 ஆண்டுகள்.

வந்த தண்ணீரை நேரக் கணக்கில் பங்கிட்டார்கள். பகலில் நிழலை அளந்தார்கள், இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். இதைக் கவனிக்க 'அரீஃப்' என்று ஒருவர் இருந்தார். நம் தாத்தா ஊர்களில் முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நீர்பாய்ச்சியும் இதே வேலையைத்தான் செய்தார். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அரபியில் 'ஐன்' என்றால் கண், நீரூற்று இரண்டும்தான். நாமும் ஊற்றுக்கண் என்கிறோமே!

ஆனால் பங்கு எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. தண்ணீர் உரிமை நிலம் மாதிரி ஒரு சொத்து. அது இல்லாதவர் மரம் வாடும். 1946இல் இந்தப் பகுதியின் பொறுப்புக்கு வந்த ஷேக் சாயித், தூர்ந்த ஃபலஜ்களைச் சரிசெய்ததோடு, முன்மாதிரியாகத் தன் குடும்பத்தின் நீர் உரிமையை விட்டுக்கொடுத்து, பங்கீட்டையே மாற்றினார். எனக்கு அந்தச் சுரங்கத்தை விடவும் இதுதான் பெரிய வேலை.

2011இல் யுனெஸ்கோ அல் ஐனின் சோலைகளையும் தொல்லிடங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் நிலத்தடி நீர் மிகவும் இறங்கிவிட்டது. இன்று வாய்க்கால்கள் ஓடுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரின் உதவி வேண்டியிருக்கிறது.

நேரம் இருந்தால் நகருக்கு வடக்கே பிதா பின்த் சவூதுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே இரும்புக்கால ஃபலஜ் ஒன்று வறண்டு கிடக்கிறது. பக்கத்தில் தூண்கள் வைத்த ஒரு கூடத்தின் அடித்தளம். ஊரார் கூடித் தண்ணீர்ப் பங்கீட்டைப் பேசிய இடமாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.