இருதய வால்வும் உற்பத்திப் பதிவேடும்

கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் புதிய கண்டுபிடிப்புகளையே நோக்குவர். ஒரு பொருள் உருவாக்கப்பட்ட பின்னர், அதனை நாள்தோறும் செய்யும் மேசையில் நிகழும் சிறு மாற்றங்கள் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. கம்பியொன்றைச் சற்று வளைத்து நிமிர்த்துதல், வெடிப்புக் கண்ட இணைப்பை மீண்டும் ஒட்டுதல், ஒட்டாமலே தேய்த்து மெருகிடுதல் என்பன யாருக்கும் வரலாற்றுச் செய்திகளாகத் தோன்றுவதில்லை. ஆயினும், செய்யப்படும் பொருள் மனித இருதயத்தினுள் பொருத்தப்படுவதாயின் நிலைமை வேறாகும். 1979 முதல் 1986 வரை ஐக்கிய அமெரிக்காவிற் சந்தையிலிருந்த பியோர்க்-ஷைலி குவிவுக் குழிவு வால்வின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

சுவீடன் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் வைக்கிங் பியோர்க்கும், கலிபோர்ணியாவில் நிறுவனம் நடத்திய பொறியியலாளர் டொனால்ட் ஷைலியும் உருவாக்கிய சாயும் தட்டு வால்வு 1969 இல் முதன்முதலாக நோயாளியொருவருக்குப் பொருத்தப்பட்டது. கலப்புலோக வளையமொன்று, அதனுள்ளே சாய்ந்து திறந்து மூடும் வட்டத் தட்டு, அத்தட்டு நழுவாது தாங்கும் இரு கம்பி வளைவுகள் - இவ்வளவே அதன் அமைப்பு. வால்வில் குருதி தேங்கி உறைவதைக் குறைக்கும் நோக்குடன் தட்டின் வடிவம் பின்னர் மாற்றப்பட்டது. அவ்வாறு பிறந்ததே குவிவுக் குழிவு வால்வு. இதில் குருதி உட்புகும் பக்கத்துக் கம்பி வளையத்தோடு ஒரே உலோகமாக அமைந்தது. வெளியேறும் பக்கத்துக் கம்பியின் இரு கால்களோ, வெல்டிங் என வழங்கும் முறையால், வளையத்தில் உருக்கி ஒட்டப்பட்டன. 1978 இல், பரிசோதனைக் காலத்திலேயே, ஒரு வால்வின் கம்பி முறிந்தது. எனினும் அடுத்த ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் விற்பனைக்கு அனுமதி வழங்கியது. ஷைலி நிறுவனம் பைசர் நிறுவனத்தின் உடைமையானதும் அவ்வாண்டிலேயாகும்.

இருதயம் ஓராண்டில் ஏறத்தாழ 4 கோடி தடவை துடிக்கின்றது. அத்தனை தடவையும் தட்டு மூடித் திறக்கும். மூடும்போது அது கம்பியின் நுனியில் மோதக்கூடும் என்பதும், அம்மோதல் மீள மீள நிகழ உலோகம் களைத்து முதலில் ஒரு காலும் பின்னர் மற்றைய காலும் முறியும் என்பதும் பிற்கால ஆய்வுகளாற் புலனாயின. இரு காலும் முறிந்தால் தட்டு விடுபட்டுக் குருதியோடு சென்றுவிடும். முறிவு நேர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் இறந்தனர்.

வடிவமைப்பின் குறைபாடு ஒருபுறமிருக்க, தொழிற்சாலையில் நிகழ்ந்ததே இங்கு முக்கியமாகக் கவனிக்கற்பாலது. ஒட்டுவேலை கையாற் செய்யப்பட்டது. தட்டு சரியாக அசைவதற்குரிய இடைவெளியைப் பெறுவதற்காகக் கம்பி வளைத்துச் சரிசெய்யப்பட்டது. உருக்கி ஒட்டிய இணைப்பின் உள்வலிமையை, அதனை உடைத்துப் பாராமல் முற்றாக அறிதல் இயலாது. எனவே வேலை நடைபெறும் முறையே அதன் தரத்துக்குரிய சாட்சியாகின்றது. அச்சாட்சியை அறிவதற்குள்ள வழி பதிவேடு ஒன்றே. முறிவுச் செய்திகள் வரத் தொடங்கியதும் நிறுவனம் சில தொகுதிகளைத் திருப்பியழைத்தது. உற்பத்தி முறையிலும் மாற்றங்களைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பயன் தந்ததா என்னும் சோதனை உண்மையில் நோயாளரின் உடலிலேயே நிகழ்ந்தது. 1990 இல் அமெரிக்கக் காங்கிரஸ் உபகுழு வெளியிட்ட அறிக்கை, 'கற்றுக்கொண்டே சம்பாதித்தல்' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது வெறும் ஏளனமன்று.

அதனினும் பாரதூரமான செய்தி பின்னர் வெளிவந்தது. வெடிப்புக் கண்ட சில வால்வுகள் மீண்டும் ஒட்டப்படாது மெருகு மட்டும் இடப்பட்டன. பதிவேட்டிலோ அவை மீண்டும் ஒட்டப்பட்டனவாகக் குறிக்கப்பட்டிருந்தன. வேலையை விட்டு நீங்கிய ஒருவரின் இலக்கமே அவ்வேலையைச் செய்தவர் இலக்கமாகப் பதியப்பட்டிருந்தது. இதனை ஒரு தொழிலாளியின் நேர்மையீனமெனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது, பொருந்தாது. செய்முறையை மாற்றுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டாத ஒரு மேசையில் பொய்ப்பதிவுக்கு இடம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது.

சட்டமும் மெதுவாகவே நகர்ந்தது. மருத்துவச் சாதனங்களுக்கான உற்பத்தி விதிகள் அமெரிக்காவில் 1978 இல் வெளிவந்தபோது வடிவமைப்பு அவற்றுள் அடங்கவில்லை. 1990 இன் சட்டம் அதற்கு வழிகோலியது. 1996 இல் வெளியாகி மறு ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகள் வடிவமைப்பை உள்ளடக்கியதோடு, உற்பத்தி முறை மாற்றம் எதுவும் நடைமுறைக்கு வருமுன் சரிபார்க்கப்பட்டு, வேண்டியவிடத்து மெய்ப்பிக்கப்பட்டு, பதியப்படவேண்டுமெனவும் வகுத்தன.

அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 86,000 குவிவுக் குழிவு வால்வுகள் பொருத்தப்பட்டிருந்தன. 1986 இல் விற்பனை நின்றதனால் அவற்றைச் சுமந்தோரின் இடர் நின்றுவிடவில்லை. வால்வை மாற்றுதற்கு நெஞ்சைத் திறந்து மீண்டும் சத்திரசிகிச்சை செய்யவேண்டும்; அதுவும் உயிராபத்துடையது. ஆகவே யாருடைய வால்வு முறியக்கூடும் என்பதே வினாவாயிற்று. திறக்கும் கோணம் 70 பாகையாயின் இடர் 60 பாகையிலும் கூடுதல் எனவும், பெரிய வால்வுகளுக்கும் இளவயதினருக்கும் இடர் மிகுதி எனவும் ஆய்வாளர் கண்டனர். கம்பி எக்காலத்தில் ஒட்டப்பட்டது என்பதும் அக்கணிப்பில் இடம்பெற்றது. தொழிற்சாலை ஏடு இவ்வாறு மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தம் வால்வின் இலக்கத்தைக் கூறி ஆலோசனை கேட்ட நோயாளிக்கு மருத்துவர் அளித்த விடை, பல்லாண்டுகளுக்கு முன் இர்வைன் நகரத் தொழிற்சாலையில் ஒருவர் எழுதிய வரி உண்மையா பொய்யா என்பதையும் சார்ந்திருந்தது.