பகிர்மதிப்பு உருவாக்கம்: பேராக் தோட்டப்புறம்

பகிர்மதிப்பு என்பது, ஒரு நிறுவனம் ஈட்டிய இலாபத்தில் ஒரு பகுதியைப் பிற்பாடு தானமாக வழங்குவதைக் குறிக்காமல், இலாபம் ஈட்டும் வழிமுறையே தொழிலாளர் வாழ்வையும் சுற்றியுள்ள ஊர்களையும் உயர்த்துமாறு அமைவதைக் குறிக்கும் வணிகவியல் கருத்தாகும். மைக்கேல் போர்ட்டர், மார்க் கிராமர் ஆகியோர் 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையால் இது பரவலாக அறியப்பட்டது. உணவு நிறுவனமான நெஸ்லே அதற்கு முன்பே இச்சொல்லைத் தன் அறிக்கைகளில் கையாண்டுள்ளது. கருத்து அண்மையது எனினும், அதை உரசிப் பார்க்கும் களம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது.

தெலுக் இந்தான் அருகிலுள்ள ஜெண்டராத்தா தோட்டம், டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ரப்பர் நிறுவனத்திலிருந்து வளர்ந்த யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் தலைமையிடமாகும். பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்த பின், அந்நிறுவனம் 1974இல் யூனிடாட்டா என்னும் சுத்திகரிப்பு ஆலையை நிறுவி, உணவுத் தொழிலுக்கு வேண்டிய எண்ணெயையும் கொழுப்பையும் அளித்து வருகிறது. செம்பனைப் பழம் அடிபட்டால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கிவிடும் என்பதால், குலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைத்தாக வேண்டும். நீண்ட கழியின் முனையில் கட்டிய அரிவாளால், பழுத்த குலையை மட்டும் கண்டு அறுத்து, சிதறிய உதிரிப் பழங்களையும் பொறுக்கிச் சேர்ப்பவரின் கைத்திறனில்தான் எண்ணெயின் தரம் தொடங்குகிறது. குலைகளைக் கொண்டுசெல்ல அத்தோட்டத்தில் சிறு தண்டவாளப் பாதை இன்றும் பயன்படுகிறது. வெட்டுபவர் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பது நிறுவனத்திற்கே ஆதாயம் என்பதால், மருத்துவமனையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் முதியோர் இல்லமும் அங்கு வெறும் தருமமாக நில்லாமல் தொழிலின் உறுப்புகளாகின்றன. நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பின் சான்றிதழை 2008இல் உலகிலேயே முதலில் பெற்ற உற்பத்தியாளர் இந்நிறுவனமே.

ஆயினும், தோட்டப்புற வசதிகள் அனைத்தையும் முதலாளிகளின் நல்லெண்ணத்தில் வரவு வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. தோட்ட வாழ்வின் ஆழமான குறை, வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததே ஆகும். தோட்டம் கைமாறியபோதும், வீடமைப்புத் திட்டத்திற்காக அழிக்கப்பட்டபோதும், மூன்று தலைமுறையாக லயம் எனப்படும் வரிசைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் வேலையையும் கூரையையும் கோயிலையும் ஒருசேர இழந்தன. போர்ட்டர், கிராமர் கருத்தை மறுத்து 2014இல் எழுதிய ஆண்ட்ரூ கிரேன் முதலான அறிஞர்கள், இலாபமும் சமூக நலனும் மோதும் இடங்களை அக்கருத்து கடந்து போய்விடுகிறது என்று சுட்டினர்; பேராக் அனுபவம் அவர்கள் பக்கமே நிற்கிறது.

இச்சிக்கலுக்கு ஒரு விடையும் இம்மண்ணிலிருந்தே எழுந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவை துண்டாடப்பட்ட காலத்தில், ஈப்போவுக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டி, அப்பணத்தில் தோட்டங்களை வாங்கினார். அவற்றின் பங்குதாரர்களாயினர் பால்வெட்டுத் தொழிலாளர்கள்.