மகிழடியில் ஒரு சூள்

திருவொற்றியூர்த் தெருவில் பொய் சொல்லவில்லை என்று காட்ட 'அம்மா சத்தியமா' என்றால் போதும். 'சூள்' என்று எவரும் சொல்வதில்லை. அந்தச் சொல் நாளிதழ்த் தலைப்பில் ஒண்டிக்கொண்டிருக்கிறது: கட்சித் தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சூளுரைப்பார்கள்.

மேடை ஏறுவதற்கு முன் அது ஆற்றுமணலில் பிறந்த சொல். குறுந்தொகையின் 53ஆம் பாட்டில் தோழி தலைவனைக் குறை சொல்கிறாள். முன்கையைப் பற்றிக்கொண்டு, சூரர மகளிர் என்ற தெய்வப் பெண்களைச் சாட்சி வைத்து அவன் செய்த சூள்தான் இப்போது தங்களை வருத்துகிறதாம். போர்க்களத்துச் சினத்துக்கு 'வஞ்சினம்' என்ற சொல் தனியே இருந்தது. காதலில் சூள்தான் பெண்ணின் கையில் இருந்த ஒரே பத்திரம். பொய்த்தால் தெய்வம் தண்டிக்கும். 87ஆம் பாட்டில் கபிலரின் தலைவி பதறுவதும் அதனால்தான். மன்றத்து மராமரத்துக் கடவுள் கொடியவரை வருத்தும் என்பார்கள், ஆனால் என்னவர் கொடியவர் அல்லர் என்று, விட்டுப்போனவனுக்காக அவளே வாதாடுகிறாள்.

மரம், தெய்வம், சூள். இந்த மூன்றும் பல நூற்றாண்டு கழித்துத் திருவொற்றியூரில் மறுபடி கூடுகின்றன.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார் ஒற்றியூர்க் கோயிலுக்குப் பூத்தொடுத்து வாழ்கிறார். ஆரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்திருந்த சுந்தரர் இவரையும் விரும்புகிறார். 'பிரியமாட்டேன்' என்று இறைவன் முன் உறுதி கேட்கப்படுகிறது. சுந்தரர் தந்திரக்காரர்: நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே பேரம் பேசுகிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழடியிலேயே கேள் என்று சொல்லிவைக்கிறார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே சூளுரைத்து அவரை மணக்கிறார்.

இந்தச் சாமர்த்தியம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1210ஐ ஒட்டி ஜெர்மன் மொழியில் காட்ஃபிரீட் எழுதிய 'திரிஸ்தான்' காவியத்தில் அரசி இசோல்டே கற்பை நிரூபிக்கச் சத்தியம் செய்கிறாள். அரசனையும், சற்றுமுன் தன்னோடு தடுக்கி விழுந்த யாத்திரிகனையும் தவிர எவன் பக்கத்திலும் கிடந்ததில்லை என்கிறாள். மாறுவேடத்தில் வந்த அந்த யாத்திரிகன்தான் அவள் காதலன்! பழுக்கக் காய்ச்சிய இரும்பு அவள் கையைச் சுடவில்லை. அங்கே தெய்வம் வார்த்தைக்கு மயங்கியது, ஒற்றியூரில் மயங்கவில்லை.

வசந்த காலத்தில் ஆரூர் நினைவு வர, சுந்தரர் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. சங்கிலிக்காகவா என் கண்ணைப் பறித்தாய் என்று திருமுல்லைவாயில் பதிகத்தில் அவரே முறையிடுகிறார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். சோழ அரசன் இரண்டாம் இராசாதிராசன் இந்த மகிழமரத்தடியில் அமர்ந்து சுந்தரர் புராணம் கேட்டதை ஒற்றியூர்க் கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது. அரசன் யார் பக்கம் நின்று கேட்டானோ, கல்வெட்டில் அது இல்லை.

ஆரூரில் பரவையாரின் கோபத்தைத் தணிக்க இறைவனே நள்ளிரவில் தூது நடந்தார். ஒற்றியூருக்கு அப்படி யாரும் தூது வந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. மாசிப் பெருவிழாவில் மட்டும், மகிழடி சேவையன்று, அதே மரத்தடியில் சுந்தரர் சங்கிலியாருக்கு அதே சூளை ஆண்டுதோறும் செய்துகொடுக்கிறார்.